பக்கத்து வீட்டுப் பூனையும் எங்கள் கொல்லைக் குருவிகளும்

பக்கத்து வீட்டுப் பூனை நம் கொல்லைக்கு வந்து குருவி பிடிக்கிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "பூனைன்னா பிடிக்கத்தான் செய்யும், இதுக்கு என்ன பண்ண முடியும்?" என்பார்கள். என்னிடமும் அதையேதான் சொன்னார்கள். உருப்படியாக ஒரு வழி சொல்ல ஊரில் ஆள் இல்லை. எட்டாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் செலவு, மணிக்கட்டில் கீறல், அதற்கு ஊசி, வேலையில் சம்பளப் பிடித்தம், பக்கத்து வீட்டோடு மாதக்கணக்கில் பேச்சில்லாமல் போனது என்று எல்லாம் பட்டுத்தான் ஒரு வழிக்கு வந்தேன். இதே தொல்லையில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பாடு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம், குடமுருட்டி ஆற்றங்கரையை ஒட்டிய கிராமம். வீட்டில் நானும் அம்மாவும்தான். வீடு சின்னது, கொல்லை பெரியது. நாலு தென்னை, ஒரு முருங்கை, வாழைக் கொத்து, எலுமிச்சை, செம்பருத்தி வேலி, கிணற்றடியில் தானாக முளைத்த அத்திக் கன்று. ஆள் இல்லாத வீடு மாதிரி இருக்கக்கூடாது என்று அப்பா வைத்தவை பாதி, பறவை எச்சத்தில் வந்தவை பாதி. தவிட்டுக்குருவிக் கூட்டம், தேன்சிட்டு, கொண்டைக்குருவி, மைனா, அணில், ஓணான், அரணை எல்லாம் இங்கே குடித்தனம். காலையில் காபித் தம்ளரோடு கிணற்றுமேடையில் உட்காரும் அரைமணி நேரம்தான் எனக்கு அன்றாடத்தில் மிச்சமாகும் நேரம். அதனால்தான் இந்த விஷயம் என்னை அவ்வளவு பாதித்தது.

போன ஆனியில் அந்த அத்திக் கன்றில் தையல்சிட்டு கூடு கட்டியது. இடுப்பு உயரம்தான் இருக்கும். இரண்டு இலைகளின் ஓரத்தில் அலகால் துளை போட்டு, பஞ்சை இழுத்துக் கோத்து, இலைகளைக் குழல்போலச் சேர்த்திருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு துளைக்கும் வெளியே பஞ்சு சின்னதாக உப்பிக்கொண்டு நிற்கும். அந்த உப்பல்தான் தையல் உருவாமல் பிடித்துக்கொள்கிறது. ஏறக்குறைய 12 நாள் அடைகாத்து, பொரித்து, குஞ்சுகள் கத்துவது கேட்க ஆரம்பித்திருந்தது. ஒரு விடியற்காலையில் போய்ப் பார்க்கிறேன், இலை கிழிந்து தொங்குகிறது, பஞ்சு தரையில் கிடக்கிறது. தாயும் தகப்பனும் வேலியில் உட்கார்ந்து உச்சிவேளை வரைக்கும் கத்திக்கொண்டே இருந்தன. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மதில்மேல் மஞ்சளும் வெள்ளையுமான அந்தக் கடுவன் பூனை சாவகாசமாகக் காலை நக்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னாலேயே ஓணானையும் அணில் குட்டியையும் அது கவ்விக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். இந்த முறை பொறுக்க முடியவில்லை.

நேரே பக்கத்து வீட்டு அத்தையிடம் போனேன். சொந்தம் இல்லை, சின்ன வயதிலிருந்து அத்தை என்றுதான் கூப்பிடுவேன். "அத்தை, உங்க பூனையக் கொஞ்சம் கட்டி வைக்கக்கூடாதா?" என்று கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "ஏம்மா, அது என்ன மாடா கட்டிப் போட? எலி பிடிக்கத்தானே வளக்குறோம்? ஒரு குருவிக்காகவா என் வாசப்படி ஏறி வந்து பேசுற?" என்றார். நானும் குரலை உயர்த்தினேன், அவரும் உயர்த்தினார். அதற்குப் பிறகு கொல்லைப்பக்க மதில் வழியாகக் கறிவேப்பிலை, மோர் எதுவும் கைமாறவில்லை. அம்மாவுக்குத்தான் அதில் வருத்தம் அதிகம். இரண்டு பேருக்கும் நாற்பது வருஷப் பழக்கம்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். குஞ்சு செத்த அன்றைக்கே, அந்தச் சூட்டோடு பேசப் போகாதீர்கள். பூனை எந்த நேரத்துக்கு வருகிறது, எந்த வழியாக வருகிறது, எதைப் பிடிக்கிறது என்று கொஞ்ச நாள் குறித்து வைத்துக்கொண்டு போனால் பேச்சுக்கு ஒரு பிடி கிடைக்கும். நான் பிற்பாடு தினசரிக் காலண்டர் தாளில் எழுத ஆரம்பித்தேன். அதில்தான் தெரிந்தது, பறவைகளைப் பிடிப்பதெல்லாம் விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள்ளும் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்திலும்தான். நடுப்பகல் முழுக்கக் கடுவன் அத்தை வீட்டுத் திண்ணையில் தூங்கியது. அப்படியானால் நாளெல்லாம் காவல் காக்க வேண்டியதில்லை.

பேச்சு நின்றுபோன பிறகு ஊரில் சொன்ன வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மிளகாய்த்தூள் தூவச் சொன்னார்கள். ஒரு தூறலில் கரைந்து போனது, கரையாவிட்டாலும் கண்ணில் பட்டால் அந்த வாயில்லா ஜீவனுக்கு அவஸ்தை. அந்துருண்டையும் பினாயிலும் பலர் சொல்லும் வைத்தியம், இரண்டையும் செய்யாதீர்கள். இரண்டுமே பூனைக்கு நஞ்சு. அந்துருண்டையைக் குழந்தைகள் எடுத்து வாயில் போட்டால் அதைவிட ஆபத்து. கடைத்தெருவில் ஒருவர் எலி மருந்தைச் சோற்றில் பிசைந்து வைக்கச் சொன்னார். கேட்டதும் எனக்கு உடம்பு நடுங்கியது. விஷம் வைத்து விலங்கைக் கொல்வது குற்றம். 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். அந்தச் சோற்றைக் காக்கை தின்னும், தெரு நாய் தின்னும், மருந்து தின்ற எலியைக் கூகை தின்னும். குருவியைக் காப்பாற்றுகிறேன் என்று கொல்லையையே சுடுகாடாக்கிய கதையாகிவிடும்.

மதிலுக்கு மேலே நைலான் வலை கட்டினேன், 1,900 ரூபாய். பூனை வலையைப் பிடித்தே ஏறியது. கீழே தொங்கிய ஓரத்தில் ஒரு சாரைப்பாம்பு மாட்டிக்கொண்டு, முண்ட முண்ட இழை செதிலுக்குள் இறங்கிவிட்டது. பாம்பு பிடிக்கிற தம்பி ஒருவர் வந்து, தலையைத் துணியால் மூடி, கத்தரிக்கோலால் ஒவ்வொரு இழையாக நறுக்கி விடுவித்தார். எலி தின்னும் சாரையை மாட்டவைத்துப் பூனையை விரட்டுவதில் என்ன லாபம்? அன்றைக்கே வலையைச் சுருட்டிவிட்டேன். மெல்லிசு நைலான் வலையைத் தரையைத் தொடும்படி எங்கேயும் கட்டாதீர்கள்.

அப்புறம் அந்தக் கொண்டைக்குருவிக் குஞ்சு. கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி, மைனா இவற்றின் குஞ்சுகள் சரியாகப் பறக்க வருவதற்கு முன்பே கூட்டைவிட்டு இறங்கிவிடும். சில நாள் தரையிலும் தாழ்ந்த கிளையிலும் தத்தித் தத்தித் திரியும், தாய் வந்து ஊட்டிக்கொண்டிருக்கும். அநாதை என்று நினைத்து அதை வீட்டுக்குள் எடுத்து வரக்கூடாது. தாழ்ந்த கிளையில் தூக்கி வைத்துவிட்டுத் தள்ளி நின்றால் போதும். பூனைக்கு வசதியான நாட்களும் அவைதான். எங்கள் குஞ்சைக் கடுவன் செம்பருத்தி அடியில் கவ்வியபோது நான் பக்கத்தில் இருந்தேன். பிடுங்கினேன், அது என் மணிக்கட்டைக் கீறிவிட்டு ஓடியது. குஞ்சின் உடம்பில் காயமே தெரியவில்லை. இறக்கைக்கு அடியில் எச்சில் பட்டு நாலைந்து தூவி நனைந்து ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்தேன். பிழைத்துவிடும் என்று நம்பினேன். மறுநாள் காலையில் விறைத்துக் கிடந்தது.

பிறகு கால்நடை மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. பூனையின் வாயில் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா இருக்கிறது. பல் ஊசிமுனை அளவு இறங்கினாலும் பறவையின் ரத்தத்தில் கலந்து ஒன்றிரண்டு நாளில் கொன்றுவிடும். ஆகவே பூனை வாய்ப்பட்ட பறவை நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும், காற்றுத் துளை போட்ட பெட்டியில் இருட்டாக வைத்து அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும், ஆன்டிபயாடிக் வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, பாலும் சோறும் கூடாது. பிழைத்தால் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். நம் காட்டுப் பறவைகளைக் கூண்டில் வளர்ப்பது சட்டப்படி தவறு.

என் கீறலுக்கு வருகிறேன். ரத்தம் வந்தது. குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கக்கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். தோலில் போடுவது என்றால் முதல் நாள், 3, 7, 28 என்ற கணக்கு. காயத்தைப் பார்த்துச் சீரம் என்ற எதிர்ப்பு மருந்தும் போடுவார்கள். ஊசிக்குக் காசு இல்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் அரைநாள் போனது, சம்பளத்தில் பிடித்தார்கள். கீறல்தானே என்று விட்டுவிடாதீர்கள். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழி கிடையாது.

அங்கே டாக்டர், "பூனைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா?" என்று கேட்டார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் அத்தை வீட்டுப் படியை மறுபடி ஏறினேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் அவர் பயந்துவிட்டார். "அய்யோ, என் பூனையாலயா கண்ணு?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பூனைக்கு ஊசி எதுவும் போட்டதில்லை. உட்கார வைத்துக் காபி கொடுத்தார். அப்போதுதான் பின்கட்டு அறையைக் காட்டினார். சம்பா அறுவடையில் சாப்பாட்டுக்கென்று எடுத்து வைத்த நெல் மூட்டைகள். மாமா இருந்தவரைக்கும் வயலில் தஞ்சாவூர் கிட்டி வைத்து எலி பிடிப்பார், வீட்டுக்குள்ளேயும் அவரே பார்த்துக்கொள்வார். அவர் இறந்துபோன வருஷம் ஒரு மூட்டையின் அடிப்பக்கத்தை எலி குதறி, பாதி நெல் வீணாகியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் பூனை. அவருக்கு அது செல்லத்துக்கு வளர்க்கிற பிராணி இல்லை, தனி மனுஷியாக இருக்கும் வீட்டில் ஒரு துணை, ஒரு காவல். கட்டி வை என்று நான் கேட்டது அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று அந்த அறையில் நின்றபோது புரிந்தது.

வழியும் அந்த அறையிலேயே கிடைத்தது. எலி நடமாடுவது ராத்திரியில். பறவைகளுக்கு ஆபத்து விடியற்காலையிலும் அந்திவேளையிலும். பொழுது சாய்வதற்கு முன் பூனைக்குச் சாப்பாடு வைத்துக் கூப்பிட்டு, ராத்திரி முழுக்க நெல் அறையில் விட்டு, காலை எட்டு எட்டரைக்கு மேல் திறந்துவிட்டால் அத்தைக்கும் வேலை ஆகும், எனக்கும் ஆகும். "அடைச்சா கத்துமே" என்றார். முதல் வாரம் கத்தத்தான் செய்தது. மூலையில் ஒரு தட்டில் மணல், ஒரு கிண்ணம் தண்ணீர், படுக்கப் பழைய சாக்கு வைத்ததும் அடங்கியது. நேரம் தவறாமல் சாப்பாடு கிடைக்கிறது என்று தெரிந்தால் பூனை தானே வந்து நிற்கும். அடைப்பதற்குச் சாப்பாட்டு நேரம்தான் சாவி.

என்ன சாப்பாடு என்பதும் முக்கியம். கடுவனுக்கு அதுவரை பால் சோறும் தயிர் சோறும்தான். பூனைக்கு இறைச்சிப் புரதம் வேண்டும். இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சி அதிகமுள்ள உணவு கொடுத்த பூனைகள் வேட்டையாடி வீட்டுக்குக் கொண்டுவருவது 36 சதவீதம் குறைந்தது. தினமும் 5 முதல் 10 நிமிடம் விளையாட்டுக் காட்டிய பூனைகளில் 25 சதவீதம் குறைந்தது. கழுத்து மணியால் சொல்லும்படி பலன் தெரியவில்லை. 150 ரூபாய்க்கு நான் வாங்கிக் கொடுத்த மணிப்பட்டையும் அப்படித்தான் ஆனது, சில நாளில் அது மணி குலுங்காமல் நடக்கப் பழகிவிட்டது. மீன்காரம்மாவிடம் கெண்டை, ஜிலேபித் தலைகளைச் சொல்லி வைத்தோம். அவித்து, முள் எடுத்துக் கொடுக்கிறார் அத்தை. "மீனைத் தின்னுட்டு எலியை விட்டுட்டா?" என்று கேட்டார், நியாயமான கேள்வி. குறையலாம் என்றுதான் சொன்னேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அறையில் பூனை வாசம் இருந்தாலே எலி கொஞ்சம் தயங்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார். மூட்டைகளைச் சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி, மரச்சட்டத்தின்மேல் ஏற்றி வைத்தோம். கதவடி இடுக்குக்குத் தகரம் அடித்தோம். அதற்குப் பிறகு மூட்டை ஓட்டையாகவில்லை.

அந்த ஆய்வில் அத்தைக்கு மிகவும் பிடித்த விஷயம் வண்ணக் கழுத்துத் துணி. பளிச்சென்ற நிறத் துணியைச் சுருக்கு வைத்துப் பட்டையின்மேல் மாட்டினால் பறவைக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும். பறவைகளைக் கொண்டுவருவது 42 சதவீதம் குறைந்தது. எலி, சுண்டெலி பிடிப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. அத்தையின் பேத்தி லீவுக்கு வந்தபோது ரவிக்கைத் துண்டில் சிவப்பும் மஞ்சளுமாகத் தைத்துக் கொடுத்தாள். ஒரே எச்சரிக்கை, பட்டை இழுத்தால் அவிழும் கொக்கி உள்ளதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலியில் மாட்டிக் கழுத்து இறுகிவிடும்.

கருத்தடையும் செய்தோம். கடுவன் என்றால் ஊர் சுற்றுவது அதிகம், சண்டை போட்டுக் காயத்தோடு வரும், தெருவில் குட்டிகளும் பெருகும். ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பக்கத்தில் இருப்பவர்கள் அங்கே விசாரிக்கலாம். எங்களுக்குப் போக்குவரத்து தோதுப்படாததால் தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவரிடம் போனோம். வெறிநோய் ஊசி, ஆட்டோ எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய். நானே கொடுத்தேன். கொடுக்க வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லைதான். ஆனால் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டால் எதிராளி வேண்டாம் என்று சொல்வது குறையும் என்று கண்டுகொண்டேன்.

நம் பக்கம் செய்ய வேண்டியதும் நிறைய இருக்கிறது. தென்னையில் எலி ஏறாமல் தகரம் அடிப்போமே, அதையே முருங்கைக்கும் கூடு இருக்கும் மற்ற மரங்களுக்கும் செய்தேன். இரண்டடி அகலத் தகரம், அதன் அடிவிளிம்பு நெஞ்சு உயரத்தில். அதற்குக் கீழே இருந்தால் பூனை ஒரே தாவலில் தாண்டிவிடும். மரம் பருக்க இடம்விட்டுக் கம்பியால் கட்டுங்கள், ஆணி அடிக்காதீர்கள். மதிலிலிருந்து மரத்துக்குப் பாலம்போல நீளும் கிளையைக் கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தகரத்துக்குப் பலன் இல்லை. ஆளுக்கும் தகரத்துக்குமாக 2,600 ஆனது. செம்பருத்தி, அத்தி அடியில் எலுமிச்சை கழித்த முள்ளைப் பரப்பினேன். பூனை பதுங்கி உட்கார மெத்தென்ற இடம் தேடும், முள் இருந்தால் உட்காராது. பாத்தியில் கோழி வலையைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து நாலு பக்கமும் கல் வைத்தேன், 700 ரூபாய். கம்பி வலை தட்டையாகப் படிந்திருந்தால் பாம்பு மாட்டாது, செடி கண் வழியாக வளர்ந்துவிடும்.

பறவைகளுக்கு வைத்த தண்ணீர்த் தொட்டி செம்பருத்திக்கு ஒட்டினாற்போல நிழலில் இருந்தது. குளிக்கிற குருவிக்குப் பின்னாலேயே பூனைக்கு மறைவு. அதை எடுத்து, சுற்றிலும் ஆறேழு அடி வெட்டவெளி இருக்கிற இடத்தில், உயரமான கல்தூணின்மேல் வைத்தேன். அம்மா தினமும் காக்கைக்கு மதில்மேல் சோறு வைப்பார். பூனை நடக்கும் பாதையே அந்த மதில்தான், சோற்றுக்கு வந்த பழக்கத்தில்தான் அது எங்கள் கொல்லையை நோட்டம் விட்டிருக்கிறது. இப்போது சோறு மொட்டைமாடிக்குப் போய்விட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி, நான்தான் ஏறுகிறேன்.

இப்போதும் கடுவன் பகலில் வருகிறது. போன வாரம் ஒரு ஓணானைப் பிடித்தது. வண்ணத் துணி இருந்தும் ஓணானும் அரணையும் முழுக்கத் தப்பவில்லை, அதற்கு என்னிடம் முழுத் தீர்வு இல்லை. முள்ளும் கல்குவியலும் போட்டு ஒளிய இடம் கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பங்குனியில் கொண்டைக்குருவி எலுமிச்சையில் வைத்த கூட்டிலிருந்து இரண்டு குஞ்சும் இறங்கி, வேலி தாண்டிப் பறந்து போயின. குஞ்சு இறங்கிய அந்தச் சில நாட்கள் மட்டும் பகலிலும் பூனையை உள்ளேயே வைக்கச் சொல்லி அத்தையிடம் கேட்டேன், வைத்தார். வருஷம் முழுக்க அடை என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். நாலைந்து நாள் என்றால் கேட்பார்கள்.

பேசவே இடம் கொடுக்காத பக்கத்து வீடும் உண்டு. அப்படியானால் தகரம், கிளை கழித்தல், முள், கம்பி வலை, தொட்டியை இடம் மாற்றுதல் இந்த ஐந்தும் உங்கள் எல்லைக்குள்ளேயே ஆகிற காரியம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பூனை வரும் நேரத்தில் குழாயால் தண்ணீர் பீச்சினாலும் சில நாளில் வேறு வழி பார்த்துக்கொள்ளும். கல் மட்டும் எறியாதீர்கள். எங்கள் பக்கம் பங்குனியிலிருந்து ஆவணி வரைக்கும் கூடுகள் அதிகம். ஆகவே தை மாதம் அறுவடை வேலை ஓய்ந்ததும் ஆளைக் கூப்பிட்டுத் தகரத்தை அடித்துவிடுங்கள். கூடு கட்டிய பிறகு மரத்தில் ஆள் ஏறினால் பறவை கூட்டைக் கைவிட்டுப் போகவும் கூடும்.